அறைக்குள் பாம்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வந்தாறுமூலையில் நாங்கள் தங்கியிருக்கும் போடிங்கில் ஒரு தம்பி பாம்புக்குட்டி வளர்க்கிறார். "விஷமில்லாத ஓநாய்ப் பாம்புதான் அண்ணா" என்கிறார். கண்டதும் அடிக்கிறவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். ஆனால் ஓநாய்ப் பாம்பையும் கட்டுவிரியனையும் பழகாத கண்ணால் பிரித்தறிவது கடினம். கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். பல வேளை வலியும் தெரியாது, வீக்கமும் இராது. இமை தொங்கி மூச்சுத் திணறும்போதுதான் விஷயம் புரியும். நாங்கள் எல்லோரும் பாய் விரித்துப் படுக்கிறவர்கள்!

சரி, விஷமில்லாததாகவே இருக்கட்டும். காட்டில் பிடித்த பாம்பு தொட்டிக்குள் பெரும்பாலும் ஒழுங்காக இரை எடுக்காது, மெலிந்தே சாகும். போடிங் உரிமையாளர்கள் கண்டும் காணாமல் இருக்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

மாணவர் ஒருவர்,
வந்தாறுமூலை.