செங் ஷினைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூன்றாம் பாகத்தை முடித்த கையோடு செங் ஷினைத் திட்ட ஆரம்பித்த வாசக நண்பர்களுக்கு,

வணக்கம். சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'மூவுடல்' (த்ரீ-பாடி) அறிவியல் புனைகதை வரிசையில் கடைசி நாவலான 'டெத்ஸ் எண்ட்' சீனத்தில் 2010-இல் வந்தது. கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016-இல் வந்தது. அன்றிலிருந்து இந்தப் புத்தகத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் சுற்றிச் சுற்றி அதன் நாயகி செங் ஷினிடம்தான் வந்து நிற்கிறது. மனித குலத்தை இரண்டு முறை அழித்தவள், பொத்தானை அழுத்தத் துப்பில்லாதவள், அவளுடைய பழைய மேலதிகாரி வேட் மட்டும் இருந்திருந்தால்... சீன வாசகர்கள் அவளுக்குப் 'புனித மாதா' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். பக்தியால் அல்ல, நக்கலாக.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2024-இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர், செங் ஷின் வேடத்தை ஜின் செங் என்ற பெயரில் முதல் சீசனிலேயே கொண்டுவந்துவிட்டது. மீதிக் கதையும் வரப்போகிறது. புத்தகம் படிக்காதவர்களும் இந்தத் திட்டலில் சேர்ந்துகொள்வார்கள். அதற்குள் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்குமேல் கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

முதலில் உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், அது பலமான வாதம்தான். இரண்டாம் பாகத்தின் முடிவில், பூமியைப் பிடிக்கப் படை அனுப்பியிருக்கும் மூவுடல் என்ற வேற்றுலகத்தை லுவோ ஜி என்ற மனிதன் மடக்குகிறான். நீ என்மேல் கை வைத்தால் உன் உலகம் இருக்கும் இடத்தைப் பிரபஞ்சத்துக்கே அறிவித்துவிடுவேன், யாராவது வந்து உன்னையும் என்னையும் சேர்த்து அழிப்பார்கள் என்கிற மிரட்டல். அந்த மிரட்டல் நிற்க, பொத்தானை நிச்சயம் அழுத்துவான் என்று எதிரி நம்பக்கூடிய ஓர் ஆள் வேண்டும். அந்த வாளேந்தி வேலையை லுவோ ஜி 54 வருடம் செய்கிறான். பிறகு செங் ஷின் வருகிறாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எதிரியின் நீர்த்துளி விண்கலங்கள் பூமியை நோக்கிக் கிளம்பிவிட்டன. அவள் அழுத்தவில்லை. கையிலிருந்ததைத் தூக்கி எறிந்தாள். வேட் அந்த இடத்தில் இருந்திருந்தால் தாக்குதலே வந்திருக்காது என்று நாவலே சொல்கிறது.

சரி. இனி நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். அவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது யார்?

அந்த இடத்தை வேகமாகப் புரட்டிவிட்டீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். அவள் உறைதூக்கத்திலிருந்து எழுந்து சில நாள்தான் ஆகிறது. வேட் அவளைச் சுட்டு, அவள் பிழைத்துக் கிடக்கிறாள். வாளேந்திப் பதவிக்கு நிற்கும் பழைய காலத்து ஆண்கள் ஆறு பேர் நேரில் வந்து, நீ போட்டியிடாதே என்கிறார்கள். அவளும் தயங்குகிறாள். பிறகு ஐ.நா. கட்டடத்தின் முன்னால் கூட்டம். ஓர் இளம் தாய் தன் குழந்தையை அவள் கையில் கொடுக்கிறாள். குழந்தையோடு நிற்கும் அவளைப் பார்த்து, மேரி மாதா போல இருக்கிறாளே என்று கூட்டம் உருகுகிறது. எங்களைக் காப்பாற்று என்கிறது. நீங்கள் நக்கலாகச் சொல்லும் பட்டத்தை நாவலுக்குள் அந்தக் கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டுச் சூட்டியது.

அரை நூற்றாண்டு பொத்தானைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த லுவோ ஜியை அந்த ஜனம் என்ன செய்தது என்பதும் நினைவிருக்கட்டும். பதவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்த கிழவனைக் கொலைக் குற்றம் சாட்டிப் பிடித்தார்கள். அவனைப் பார்த்தால் அவர்களுக்குப் பயம். வேட்டைப் பார்த்தால் அதைவிடப் பயம். பயம் காட்டாத ஒரு முகம் வேண்டும் என்று தேடித்தான் இவளைப் பிடித்தார்கள். எதிரியின் கணக்கில் லுவோ ஜி அழுத்துவதற்கான வாய்ப்பு 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது, இவளுக்கு வெறும் பத்து. மூவுடல்காரர்கள் போட்ட கணக்கைப் பூமியில் ஒருவருக்கும் போடத் தெரியவில்லையா? போட விரும்பவில்லை. அழுத்தமாட்டாள் என்று உள்ளூரத் தெரிந்துதான் அவளை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒரு பெரிய கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு அது. நாவல் வழக்குப் போடுவது அந்தக் கூட்டத்தின் மேல். நீங்கள் தீர்ப்பை மட்டும் ஒரு பெண்ணின் பெயரில் எழுதுகிறீர்கள்.

அழுத்தியிருந்தால்தான் என்ன நடந்திருக்கும்? மூவுடல் உலகமும் நம் சூரியக் குடும்பமும் இருக்கும் இடம் வெளியே தெரிந்திருக்கும், இரண்டும் சாவுக்குக் காத்திருந்திருக்கும். அதுதான் பிறகு நடக்கவும் செய்கிறது. ஏறக்குறைய மொத்த ஜனத்தையும் ஆஸ்திரேலியாவுக்குள் அடைத்துச் சோற்றை நிறுத்தும் அந்தக் கொடூரமான அத்தியாயங்களுக்குப் பிறகு, தூரத்தில் இருக்கும் 'கிராவிட்டி' என்ற மனிதர்களின் விண்கலத்தில் வாக்கெடுத்து ஒலிபரப்பை அனுப்பிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பட்ட பாட்டை அவள் கணக்கில் எழுதுங்கள், மறுக்க மாட்டேன். சூரியக் குடும்பத்தின் சாவை எழுத முடியாது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். முதல் பாகத்தின் யே வென்ஜியே உங்களுக்குப் பிடித்த பாத்திரம். எனக்கும்தான். 1967-இல் கலாச்சாரப் புரட்சிக் கூட்டத்தில் அப்பாவை அடித்தே கொல்வதைப் பார்த்தவள். பதில் அனுப்பாதே, அனுப்பினால் உங்கள் உலகத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று மூவுடல் உலகத்திலிருந்தே எச்சரிக்கை வருகிறது. தெரிந்தே அனுப்புகிறாள். இந்த மூன்று புத்தகத்தின் அத்தனை சாவுகளும் அந்த ஒரு பொத்தானில் தொடங்குகின்றன. அவளுக்காக எல்லோரும் கண்கலங்குகிறீர்கள். வெறுப்பில் அழுத்தியவளுக்கு அனுதாபம், இரக்கத்தில் அழுத்தாதவளுக்கு வசை. இதை எந்தத் தராசில் வைத்து நிறுத்தீர்கள் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது வேட். ஒளிவேகக் கலம் செய்ய வேட் முயல்கிறான், அவள் தடுத்துவிடுகிறாள், அதனால்தான் சூரியக் குடும்பத்தையே தட்டையாக்கும் இருபரிமாணத் தாக்குதல் வந்தபோது தப்பிக்க வழியில்லாமல் போயிற்று என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. முதல் குற்றச்சாட்டைவிட இது கனமானது. புளூட்டோவில் லுவோ ஜி வாயால் அதைக் கேட்கும்போது அவளே நொறுங்கிப்போகிறாள்.

ஆனால் அவள் வேட்டைத் தடுக்கும் அந்தக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். என் கணக்கில் நாவலிலேயே சிறந்த காட்சி அதுதான். முதல் நாள் அவளை வேலைக்கு எடுக்கும்போது, உன் அம்மாவை விபச்சார விடுதிக்கு விற்பாயா என்று கேட்டவன் இந்த வேட். சொல்லுக்கோ உறவுக்கோ கட்டுப்படாதவன் என்றுதான் நமக்குக் காட்டப்படுகிறான். அவன் அவளிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறான்: வேலை மனித உயிருக்கு ஆபத்தாகும் கட்டம் வந்தால் உன்னை எழுப்புவேன், நீ சொல்வதைக் கேட்பேன். அந்தக் கட்டம் வருகிறது. ஆட்கள் கையில் எதிர்ப்பொருள் தோட்டாக்களோடு அரசை எதிர்த்து நிற்கிறான். எழுப்புகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். கெஞ்சிப் பார்க்கிறான், பிறகு ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் மரண தண்டனை வாங்கிக்கொள்கிறான்.

வாக்கைக் காப்பாற்றினான் பார், ஆம்பளை என்று அவனுக்கு மாலை போடுகிறீர்கள். அதே நிமிடத்தில் அதே அறையில் நடந்த அதே முடிவுக்கு அவளுக்குச் செருப்பு. உள்நாட்டுப் போரைத் தொடங்காதே என்று அவள் சொன்னது தப்பென்றால், எதிர்காலம் முழுதும் தொலையும் என்று தெரிந்தும் அதற்குக் கட்டுப்பட்ட அவனும் தப்புத்தானே? அவளை எழுப்பாமலே விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம் உங்கள் பேச்சில் வருவதே இல்லை. ஒளிவேகக் கலத்துக்கான குறிப்பு சூரியக் குடும்பத்துக்கு யார் மூலம் வந்தது? மூவுடல்காரர்களிடம் மாட்டியிருக்கும் அவளுடைய பழைய கல்லூரித் தோழன் யுன் தியென்மிங் தேவதைக் கதைகளைச் சொல்வது அவளிடம். எதிரி ஒட்டுக்கேட்க, மூன்று குழந்தைக் கதைகளுக்குள் ரகசியத்தை ஒளித்து அனுப்புகிறான். அவள் வார்த்தை பிசகாமல் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து ஒப்பிக்கிறாள். உலகத்து அறிஞர்கள் எல்லாம் கூடி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் காகிதப் படகின் பின்புறம் சோப்புத் துண்டைச் செருகித் தண்ணீரில் விட்டால் தானாக நகரும் என்கிற சிறுபிள்ளை விளையாட்டிலிருந்து வழி பிறக்கிறது. பின்னால் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைகிறது, முன்னால் இருப்பது இழுக்கிறது, படகு போகிறது. விண்வெளிக்கும் அதுவே பொருந்தும். அந்த நூறு பக்கத்துக்காகவே இந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுப்பேன். கதவைத் திறந்தவளும் அவள்தான், மூடியவளும் அவள்தான். மூடியதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

இவ்வளவு சொன்னதால் நாவலில் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம், நிறைய இருக்கிறது. செங் ஷின் முழு மனுஷியாக எழுதப்படவில்லை. தூங்குகிறாள், எழுப்புகிறார்கள், ஒரு முடிவு கேட்கிறார்கள், திரும்பத் தூங்குகிறாள். நடுவில் அவளுக்கென்று ஒரு கோபமோ கிறுக்குத்தனமோ கிடையாது. கூட இருக்கும் தோழி ஏஏ அவளைவிட உயிரோடு இருக்கிறாள். அந்த எதிர்காலத்து ஆண்கள் எல்லாம் மென்மையாகிப் பெண்கள் மாதிரி ஆகிவிட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அந்த மென்மைதான் உலகத்தைக் கெடுத்தது என்று லியூ நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறார். தாய்மையைப் பலவீனத்துக்கு இன்னொரு பெயராக வைத்து எடைபோடும் தராசு அவருடையது. அதைப் பற்றிப் பேசுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். எழுதியவரிடம் கேட்க வேண்டியதை எழுதப்பட்டவளிடம் கேட்டால் எப்படி?

முடிவைப் பற்றியும் ஒரு சண்டை ஓடுகிறது. கடைசியில் எல்லோரும் தாங்கள் ஒதுங்கி வாழ உண்டாக்கிய குட்டிப் பிரபஞ்சங்களின் பொருளைப் பெரிய பிரபஞ்சத்துக்குத் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அது மறுபடி பிறக்காது. செங் ஷினும் கடைசியில் அவளோடு இருக்கும் குவான் யிஃபானும் எல்லாவற்றையும் திருப்பித் தருகிறார்கள், ஐந்து கிலோ எடையுள்ள ஓர் உயிர்ச்சூழல் கோளத்தைத் தவிர. மீன், கொஞ்சம் நீர், கொஞ்சம் பச்சை. அந்த ஐந்து கிலோவுக்கும் கணக்குக் கேட்டு, மூன்றாவது முறையும் கெடுத்துவிட்டாள் என்கிறீர்கள். எத்தனை குட்டிப் பிரபஞ்சங்கள் திருப்பித் தரப்பட்டன, எத்தனை பேர் மொத்தமாக அமுக்கிக்கொண்டார்கள் என்று நாவலில் ஒரு வரி கிடையாது. மற்ற எல்லோருக்கும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிட்டு அவளிடம் மட்டும் கிராம் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை.

வேட்டுக்கு ஓட்டுப் போட்டிருப்பேன் என்கிறவர்களிடம் கடைசியாக ஒன்று. அவன் வாளேந்தியாக ஒரு வருடமோ இரண்டு வருடமோ அல்ல, ஐம்பது வருடம் இருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவன் விரலுக்குக் கீழே வளர வேண்டும். அவனைப் பதவியிலிருந்து இறக்க வழியில்லை, கேள்வி கேட்க வழியில்லை. இப்போதும் ஓட்டு அவனுக்குத்தான் என்றால் காரணத்தோடு எழுதுங்கள், படித்துவிட்டுப் பதில் போடுகிறேன். "அவள் வேஸ்ட்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அது என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்று பாகத்தையும் இரண்டாவது சுற்று படித்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்