கோணமாமலைப் பதிகத்தை அதன் பண்ணிலேயே பாடவேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

திருகோணமலையில் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதும் வேளையிலும், பாடசாலைப் பண்ணிசைப் போட்டிகளிலும் ‘நிரைகழல் அரவம்’ என்று தொடங்கும் சம்பந்தர் பதிகத்தைத் தவறாமல் கேட்கிறோம். இது நம் ஊர்ப் பதிகம். ஆயினும் பாடுவோரில் பலர் அதன் பண்ணை (அதற்குரிய பழந்தமிழ் இராகத்தை) விட்டு, மோகன இராகத்திலோ, வாய்க்கு வந்த ஒரு விருத்த மெட்டிலோ பாடிவிடுகிறார்கள். பண் தெரிந்து பாடத் தொடங்கும் பிள்ளைகளும் இரண்டாம் அடியில் இன்னோர் இராகத்துக்கு வழுவிப் போகிறார்கள். இவை ஏன் நேர்கின்றன, எப்படித் திருத்தலாம் என்பதைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்போருக்கும் கோயில் நிர்வாகத்தினருக்கும் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

பதிகத்தின் பண் புறநீர்மை. சம்பந்தர் பாடல்கள் பண் வரிசைப்படியே தொகுக்கப்பட்டவை. 3ஆம் திருமுறையில் 118ஆம் பதிகம் முதல் 123ஆம் பதிகம் வரை புறநீர்மை. அந்த வரிசையின் கடைசிப் பதிகமே நம்முடையது. மதுரைத் திருவாலவாய்க்குரிய ‘மங்கையர்க்கரசி’ பதிகமும் அதே வரிசையில் 120ஆவதாக வருகிறது. அதைச் சரியாகப் பாடத் தெரிந்த பிள்ளைக்கு நம் பதிகத்தின் பண்ணைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. திருக்கேதீச்சரத்துச் சம்பந்தர் பதிகமோ நட்டராகம். இன்று பந்துவராளியாகப் பாடப்படுவது. ஈழத்துத் தலங்கள் இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் வரும்போது இரண்டையும் ஒரே மெட்டில் பாடுவது பெரும்பிழை.

புறநீர்மை இன்று பூபாளமாக வழங்குகிறது. ஐந்தே சுரங்கள்: ஷட்ஜம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சுத்த தைவதம். மத்திமமும் நிஷாதமும் இல்லை. பகற்பண்களில் காலை வேளைக்கு உரியது இது.

பிழை நேரும் இடம் காந்தாரம். சாதாரண காந்தாரம் அரைச் சுரம் உயர்ந்து அந்தர காந்தாரமாகிவிட்டால் அந்தக் கணமே பூபாளம் போய் ரேவகுப்தி வந்துவிடும். ரேவகுப்தியும் விடியற்கால இராகமே என்பதால் கேட்போருக்கு உடனே உறுத்தாது. பாடும் பிள்ளைக்கும் தெரியாது; சில வேளை நடுவருக்கும் தெரிவதில்லை.

காரணம் பிள்ளையின் கவனக்குறைவு அன்று. சரளிவரிசை முதல் அலங்காரம் வரை எல்லாப் பாலபாடமும் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தவை. சுத்த ரிஷபத்துக்கு அடுத்து அந்தர காந்தாரம் என்று இரண்டு மூன்று வருடம் பழகிய தொண்டை, ரிஷபத்தைத் தொட்டதும் தானாகவே அங்கே போய் நிற்கும். ஆகவே பூபாளத்தை ஆரோகணத்தில் தொடங்கிக் கற்பிக்கக் கூடாது. முதலில் பஞ்சமத்தில் நன்றாக நிற்கச் செய்து, அங்கிருந்து ‘ப க ரி ச’ என்று இறங்கப் பழக்கவேண்டும். மேலிருந்து வரும்போது காந்தாரம் தாழ்ந்தே விழும். அந்த இடம் காதில் பதிந்தபின் ‘ச ரி க ரி ச’, அதன்பின் ‘ச ரி க ப’. இந்த ஒழுங்கில் பழகிய பிள்ளை பெரும்பாலும் வழுவுவதில்லை.

ஆர்மோனியத்தில் சரிபார்க்க விரும்புவோர் (வெள்ளை ரீட்டுகள் 1 முதல் 7 கட்டை; ½ என்பது அடுத்த கறுப்பு ரீட்) 5 கட்டையை ஷட்ஜமாக வைத்தால் ரிஷபம் 5½, காந்தாரம் 6½, பஞ்சமம் மேலே உள்ள 2, தைவதம் 2½. காந்தாரத்துக்கு 7ஆம் கட்டையின் வெள்ளை ரீட்டில் விரல் போனால் ரேவகுப்தி. 1 கட்டைக்குப் பாடும் ஆண்களுக்கு முறையே 1½, 2½, 5, 5½. அவர்களுக்குப் பிழையான காந்தாரம் 3ஆம் கட்டை. காந்தாரத்தைத் தோடியில் போல அசைக்கவும் வேண்டாம். இந்தப் பண்ணில் மத்திமமே இல்லை. அதை நோக்கி ஆட்டும் கமகத்துக்கு இங்கே இடமில்லை.

கரோக்கி இசைத்தடத்தோடும் கீபோர்டோடும் தேவாரம் பாடுவதை நாங்கள் எதிர்ப்பதற்கும் இதுவே முதற் காரணம். கீபோர்ட் வாசிப்போர் பழக்கத்தில் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறார்கள். பிள்ளை எவ்வளவு சரியாகத் தொடங்கினாலும் அந்தக் கூட்டொலி காந்தாரத்தை மேலே இழுத்துவிடும். சுருதிப்பெட்டி அல்லது தம்புராவே போதும். மின்சுருதியும் ஆர்மோனியமும் சேர்ந்து ஒலிக்கும் இடங்களில், தொடங்குமுன் இரண்டின் ஷட்ஜத்தையும் ஒன்றாக நீட்டிக் கேளுங்கள். ஒலி ஏறி ஏறி இறங்கி அலை அடித்தால் சுருதி சேரவில்லை. பழைய ஆர்மோனியத்தின் நாக்குகளை மேடையில் திருத்த முடியாது; மின்சுருதியின் நுண்திருகியைத் திருப்பி அலை நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

சுருதி தெரிவிலும் பிழை நடக்கிறது. ஆசிரியர் ஆண் என்பதால் பெண்பிள்ளைகளையும் 1 கட்டையில் பாடவிடுகிறார்கள். குரல் ஒன்றில் அடியில் அமுங்கிப் போகும், அல்லது மேல் ஸ்தாயியில் கீச்சிடும். பெண்பிள்ளைகளுக்கும் குரல் உடையாத ஆண்பிள்ளைகளுக்கும் 5 முதல் 6 கட்டை பொருந்தும். கீழ்த் தைவதமும் மேல் காந்தாரமும் நெருக்காமல் வருகின்றனவா என்று பார்த்து அரைக் கட்டை கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். குரல் உடையும் வயதில் இருக்கும் பையனைப் போட்டிக்காக மேல் ஸ்தாயிக்கு வற்புறுத்தக் கூடாது. அவனுக்குச் சில காலம் நடு ஸ்தாயிப் பாட்டுகளே போதும். ஆண்களும் பெண்களும் கலந்த குழுவாயின் ஒரே சுருதியில் எல்லாரையும் அடைக்காமல், ஆளுக்கொரு பாடலாக மாறி மாறிப் பாடுவது நல்லது.

அடுத்தது மூச்சு. பதிகத்தின் ஒவ்வோர் அடியும் ஏழு சீர். நான்காம் சீரின் முடிவில் மூச்செடுத்தால் முதற் பாடலின் நான்கு அடிகளிலும் பொருள் கெடாது: ‘வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த’ என்று நிறுத்தி, ‘வடிவினர் கொடியணி விடையர்’ என்று முடிக்கலாம். ஆனால் புத்தகங்களில் சீர் பிரித்து அச்சிடுவதால் ‘குரைகட லோத’ என்று காண்கிறது. பிள்ளை ‘குரைகட’ என்று நிறுத்தி மூச்செடுத்து ‘லோத’ என்று தொடங்குகிறது. கடலும் போகிறது, ஓதமும் போகிறது. பாடத் தரும் தாளில் ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் / கோண மாமலை அமர்ந்தாரே’ என்று சொல் பிரித்து எழுதி, மூச்சிடத்தில் கோடு போட்டுக் கொடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஒலிபெருக்கியைப் பற்றிக் கோயில் நிர்வாகத்தினரிடம் ஒரு கோரிக்கை. எக்கோவை முற்றாக நிறுத்துங்கள். கால் நொடி பிந்தி வரும் எதிரொலி, ஏழு சீர் அடியில் முந்திய சொல்லை அடுத்த சொல்லின்மேல் விழுத்துகிறது. கல் மண்டபத்துக்கு அதன் சொந்த முழக்கமே போதும். கோபுரத்து ஊதுகுழல் ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைக் கொண்டுசெல்லாது. சுருதியின் அடிநாதம் வெளியே கேட்காமல் குரல் மட்டும் தனித்து நிற்கும். ஆகவே சுருதிப்பெட்டிக்கு இன்னொரு மைக் வையுங்கள். பாடுபவருடைய மைக் வாயிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலத் தூரத்தில், நாடிக்குச் சற்றுக் கீழே சாய்ந்திருக்கட்டும். நேரே வாய்க்கு முன் பிடித்தால் ‘பாகமா’, ‘புணர்ந்த’ போன்ற சொற்களின் பகரம் வெடிக்கும். உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் குரல் தடித்துச் சொல் மங்கும். பாடுபவருக்குத் தன் சுருதி காதில் விழவில்லை என்றால் எவ்வளவு பயிற்சி இருந்தும் பயனில்லை. அவர் சத்தத்தைக் கூட்டுவார். கூட்டினால் சுருதி ஏறும்.

ஆலயங்களில் இப்பாடல்களைப் பாடுவது ஒரு காலத்தில் எவ்வளவு பொறுப்பான பணியாக இருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு சான்று. இராசராசன் அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, 48 பிடாரர்களையும் (ஓதுவார்களையும்), உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்து, 50 பேருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி (பழைய முகத்தலளவை) நெல் கொடுத்தான். திருகோணமலையில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் இசை பற்றி எழுதி 1947இல் வெளிவந்த யாழ்நூலில் தேவாரப் பண்களுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கினார். அவர் பணியாற்றிய ஊரில் பண்ணின் பெயரே சொல்லாமல் தேவாரம் பாடும் நிலை வருத்தமளிக்கிறது.

போட்டி ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு கேட்கிறோம். பாடுமுன் திருமுறை எண், தலம், பண் மூன்றையும் பிள்ளையே அறிவிக்க வேண்டும். புள்ளித் தாளில் ‘குரல் இனிமை’ என்ற பொதுப் பிரிவுக்குப் பதிலாகப் பண் வழுவாமை, சுருதி, சொற்பிரிப்பு என்ற மூன்றும் தனித்தனியே இடம்பெற வேண்டும். அப்போது எந்தப் பிள்ளைக்கு எது திருந்த வேண்டும் என்று ஆசிரியருக்கும் தெரியும். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியலில் பாடும் குழுக்கள் திருப்பள்ளியெழுச்சியையும் பூபாளத்தில் பாடலாம். கோணமாமலைப் பதிகத்துக்கு வேண்டிய காந்தாரப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
பண்ணிசை ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.