தணலில் வாட்டிய சோளன்

அன்பின் மச்சான்,

நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உன் அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குத் தனியே நடந்து போய் வருகிறார். கவலைப்படாதே.

ரொறன்ரோவில் மெக்சிக்கோக்காரர் ஒருவரின் வண்டியில் சோளன் வாங்கித் தின்றதாக எழுதியிருந்தாய். வாசித்ததிலிருந்து எனக்கு அதே நினைவுதான். நேற்று இங்கே செய்து பார்த்துவிட்டேன்.

மாங்குளத்தில் இருந்து வரும்போது A9 வீதி ஓரத்தில் அவித்த பொத்தி நாலு வாங்கினேன். முன்பே அவிந்ததால் வேலை பாதியாகிவிட்டது. ஈரம் துடைத்து, விறகடுப்புத் தணலில் திருப்பித் திருப்பி வாட்டினேன். மணிகளில் அங்கங்கே கறுப்பு விழ ஐந்து நிமிடம் போதும். அந்தக் கருகல் இல்லாவிட்டால் ருசியும் இல்லை, அதில் மட்டும் அவசரப்படாதே.

அங்கே மயோனைசும் புளித்த கிரீமும் பூசுவார்களாம். நான் எருமைத் தயிரைத் துணியில் கட்டி ஒரு மணித்தியாலம் தொங்கவிட்டேன். அது கெட்டியானதும் உப்பும் நசுக்கிய உள்ளிப்பல் ஒன்றும் சேர்த்துச் சூட்டோடு பூசினேன். மேலே தூவுவது கொத்திஹா என்ற சீஸ். மிச்சுவாக்கான் மாநிலத்தில் அதே பெயருள்ள ஊரின் சரக்கு. உப்பு கூடியது, உருகாமல் உதிரும். காலையிலேயே ஒரு லீற்றர் பசுப்பாலைக் காய்ச்சி, தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைத்து, வடித்துப் பிழிந்து, உப்புப் பிசறி வைத்திருந்தேன். பழுக்க வைத்த சீஸின் வாசம் இதற்கு வராது, ஆனால் உதிர்வது அப்படியே. நீ அங்கே ஃபெற்றா என்ற உதிரும் சீஸை வாங்கிக்கொள். கடைச் சீஸ் துண்டு மட்டும் போடாதே, உருகிச் சவ்வாகிவிடும். கடைசியில் இடித்த செத்தல் மிளகாய், தேசிக்காய்ப் புளி. அவ்வளவுதான்.

சின்னவளுக்குப் பல் விழுந்திருப்பதால் மணியை உதிர்த்துக் கோப்பையில் கலந்து கொடுத்தேன். பொத்தியோடு தின்றால் எலோத்தே, இப்படி உதிர்த்தால் எஸ்கித்தெஸ் என்பார்களாம். இரண்டு கோப்பை தின்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும் மச்சான். மெக்சிக்கோத் தெருக்களில் பெரும்பாலும் விற்பது ரின்னில் வரும் சுவீட்கோர்ன் இல்லை. மாப்பிடிப்பான, இனிப்புக் குறைந்த வெள்ளைச் சோளன். நாங்கள் சேனையில் போடுவதும் இனிப்புக் குறைந்ததுதான். வாட்டும்போது வந்த மணம் அப்படியே எங்கள் காவல் கொட்டில் மணம். கிளி கலைக்கப் போய், பால் பிடித்த பொத்தியை உரியோடு நெருப்பில் போட்டுத் தின்று, வாயெல்லாம் கரியோடு பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் வந்து நின்றது. ஏறக்குறைய 9000 ஆண்டுகளுக்கு முன் தெற்கு மெக்சிக்கோவில் தியோசிந்தே என்ற புல்லில் இருந்து வளர்த்தெடுத்த பயிராம் இது. அந்த வித்து எத்தனை கை மாறி எங்கள் குளத்தடிக்கு வந்ததோ!

2018 மாரியில் நாட்டுக்குள் வந்த, சோளனைத் தின்னும் படைப்புழு இன்னும் விட்டபாடில்லை, காலையில் குருத்தைப் பிரித்துப் பார்த்தபடிதான் இருக்கிறேன். பன்றியும் வருகிறது. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் போட்டிருக்கிறேன்.

நீ ஆடி விடுமுறைக்கு வந்தால் பச்சைப் பொத்தி கிடைக்காது. வருகிற மார்கழிக் கடைசியில் வரப் பார். கொட்டிலை மறுபடி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்