அறுத்த கட்டையைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாட்டுத் தீவனத்துக்கு நட்ட நேப்பியர் புல் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் தூருக்குத் தூர் நடுவே மண் தெரிகிறது, கோரைக் களை தலைகாட்டுகிறது. ஆறு மாதம் முன்னால் கால் வைக்க இடமில்லாமல் இருந்த அதே வயலா இது? உரம் பற்றவில்லையா, தண்ணீர் பற்றவில்லையா என்று கேட்டிருக்கிறாய். நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாயே, 25 நாளுக்கு ஒரு தரம் அறுக்கிறேன் என்று. வினை அங்கேதான்.

ஒரு தூரைத் தோண்டி எடுத்து, அடிக்கட்டையை நீளவாக்கில் பிளந்து பார். தெம்பான தூரில் கட்டை கனமாக இருக்கும், உள்ளே வெள்ளையாகச் சாறு இருக்கும், கணுவில் பருத்த மொட்டு உட்கார்ந்திருக்கும், புது வேர் வெள்ளை வெளேரென்று நிற்கும். உன்னுடையதில் கட்டை பென்சில் தடிமனில் சுருங்கி, வேரெல்லாம் பழுப்பாகக் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

அறுத்த புல்லுக்கு வெயிலை வாங்க இலை கிடையாது. கட்டையிலும் வேரிலும் முன்பே சேர்த்த சர்க்கரையையும் மாவுச்சத்தையும் எடுத்துத்தான் முதல் குருத்தை விடுகிறது. அந்த நாட்களில் வேர் வளர்வது நின்றுவிடும், பழைய வேரில் கொஞ்சம் செத்தும் போகும். சில இலைகள் நன்றாக விரிந்த பிறகுதான் திரும்பச் சேர்க்கத் தொடங்கும். நீ அந்த நேரம் பார்த்து அரிவாளோடு போய் நிற்கிறாய். இரண்டு மூன்று தடவை தாங்கும். அப்புறம் தூர் மெலியும், கிளைப்பது குறையும், கோரைக்கு இடம் கிடைக்கும்.

இளம்புல்லைப் போட்டால் பால் கூடுகிறது என்கிறாய். பொய் இல்லை, புரதம் அதில்தான் அதிகம். அந்த ஆசையில்தான் அப்பாவும் ஒரு கோடையில் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் அறுத்தார்கள். அடுத்த மழைக்குப் பாதி வயலைப் புதிதாக நட வேண்டியதாயிற்று. தவிர, நேப்பியர் இளசாக இருக்கும்போது ஆக்சலேட் என்கிற உப்பு கூடுதலாக இருக்கும். மாட்டுக்குப் போகிற கால்சியத்தை அது கட்டிப்போட்டுவிடும்.

அதற்காக முற்றவும் விடாதே. மறுவருடம் அப்பா பயந்துபோய் மூன்று மாதம் அறுக்கவே இல்லை. வண்டி வண்டியாகப் புல் வந்தது. மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டது. தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்களுக்கே சாப்பாடு பற்றாது. செரிப்பது மந்தமாகி மாடு தின்பதும் குறையும்.

சரி, எத்தனை நாள்? கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் என்றால் நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒன்று என்பார்கள். நல்ல வெயிலும் ஈரமும் இருந்தால் அது சரி. குளிரிலும் வறட்சியிலும் புல் மெதுவாக வளரும், 60 நாள்கூட ஆகட்டும். நாளை எண்ணுவதைவிட உயரத்தைப் பார்ப்பது மேல். பிரேசிலில் கினியாப்புல் என்ற இன்னொரு தீவனப்புல்லை வைத்து அளந்திருக்கிறார்கள். விழுகிற வெளிச்சத்தில் 95 சதவீதத்தைப் பயிர் பிடித்துவிட்டால் அதற்கு மேல் கூடுவது பெரும்பாலும் தண்டும் காய்ந்த இலையும்தான். மொம்பாசா ரகத்தில் அது சுமார் 90 செ.மீ. உயரம், தான்சானியா ரகத்தில் 70. நேப்பியருக்கு இந்த அளவு பொருந்தாது. நான் குனிந்து அடி இலையைப் பார்ப்பேன். நிழலில் மஞ்சளாகத் தொடங்கினால் அரிவாளை எடுத்துவிடுவேன்.

உரத்தையும் மறந்துவிடாதே. புரதம் 10 சதவீதம் உள்ள புல் ஒரு டன் காய்ந்த எடைக்கு வயலை விட்டுப் போனால், அந்தப் புரதத்தோடு 16 கிலோ தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், போகிறது. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் திருப்பிப் போட வேண்டும். ஆனால் கட்டை ஓய்ந்து கிடக்கும்போது உரத்தை மட்டும் கொட்டிப் பயன் இல்லை.

இப்போதைக்கு இந்த ஒரு அறுப்பை 60 நாள் வரை தள்ளு. அறுக்கும்போது தரையோடு வழிக்காமல் 15 செ.மீ. கட்டை விடு. ஆள் வைத்து அறுக்கிறாய் என்றால் கூடவே நில், அவர்கள் கை தானாகக் கீழே போகும். வெறுமையான இடத்தில் கரணை, அதாவது கணுவுள்ள தண்டுத் துண்டு, ஊன்று, கோரையைக் கிழங்கோடு எடு.

அடுத்த தடவை புல்லைப் படம் எடுக்காதே, அறுத்து ஒரு வாரமான கட்டையைக் கிட்டே போய் எடுத்து அனுப்பு. ஒரு தூரில் எத்தனை குருத்து வந்திருக்கிறது என்று நான் எண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா