பால்கனியில் மண்ணில்லாச் செடி வளர்ப்பு: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவத்தில் தங்கள் வீட்டுப் பால்கனியிலோ வெளிச்சம் விழும் ஜன்னலோரத்திலோ, மண் இல்லாமல் ஊட்டக்கரைசலில் கீரையும் மூலிகையும் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் அமைப்பு ஒன்றைத் தாங்களே செய்து, எட்டு வாரங்களுக்குப் பராமரிக்க இருக்கிறார்கள். இது அறிவியல் பாடத்தின் ஒரு பகுதி. அறுவடைக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளை தன் கைப்பட எழுதும் குறிப்பேட்டுக்கு மட்டுமே மதிப்பெண். சில வேலைகளின்போது நீங்கள் கட்டாயம் பிள்ளையின் அருகில் இருக்க வேண்டும் என்றும், வேறு சில நேரங்களில் கட்டாயம் ஒதுங்கி இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இந்தச் செயல்திட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1699ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் மழைநீர், ஆற்றுநீர், தோட்டமண் கலந்த நீர் என வெவ்வேறு நீரில் புதினா வகைச் செடியை வளர்த்து, எடை போட்டுப் பார்த்தார். தூய நீரில் வைத்த செடியைவிட மண் கலந்த நீரில் வைத்த செடியே நன்றாக வளர்ந்ததால், செடி வளர நீர் மட்டும் போதாது, அதில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்றும் தேவை என்று அவர் கண்டார். அந்த 'ஏதோ ஒன்று' குறிப்பிட்ட சில தாது உப்புகளே என்பதை, 1860களில் ஜெர்மானிய அறிஞர்களான யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் உப்புகளை அளந்து கரைத்து, அந்த நீரிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். தராசும் பாத்திரமும் பொறுமையும் கொண்டு செய்த அந்த வேலையை இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளை வீட்டிலேயே செய்துபார்க்க முடியும். மண்ணில் வளரும் செடியின் வேர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதில் மூடியைத் தூக்கினால் வேரின் நிறம், நீளம், புதிதாக விட்ட கிளைகள் எல்லாம் தெரியும். நீர் எவ்வளவு குறைந்தது என்பதை அளவுகோல் வைத்தே சொல்லிவிடலாம்.

மண்ணைவிட இந்த முறை பல மடங்கு விளைச்சல் தரும் என்று சில இடங்களில் நீங்கள் படித்திருக்கக் கூடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட கையேட்டிலேயே, நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிட நீரில் கிடைப்பது உயர்ந்ததாக இல்லை என்று தெளிவுபடுத்திவிட்டார்கள். ஆகவே பெரிய அறுவடையை எதிர்பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறோம்.

அமைப்பு மிக எளிமையானது. மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி வகுத்த முறையையே பின்பற்றுகிறோம். சுமார் நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள, உணவுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, அதில் துளைகள் உள்ள சிறு கிண்ணத்தைப் பொருத்தி, தேங்காய் நார்த்தூளிலோ ஸ்பாஞ்சிலோ முளைத்த நாற்றை அதில் வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடிப்பகுதி மட்டும் நனையும்படி ஊட்டக்கரைசலை ஊற்றிவிட்டால், செடி நீரை உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் உண்டாகும் காற்று இடைவெளியில்தான் காற்றை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் வளரும்; கீழே உள்ள வேர்கள் நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்ளும்.

நல்லெண்ணத்தோடு பெற்றோர் தலையிட்டால் செடி சாகக்கூடிய இடமும் இதுதான். நீர் பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்ததும் டப்பாவை விளிம்பு வரை நிரப்பிவிடத் தோன்றும். அப்படி நிரப்பினால், காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கி மூச்சுத்திணறும். இரண்டொரு நாளில் இலை வாடத் தொடங்கும். நீர் முற்றிலும் வற்றும் நிலை வந்தால் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றலாம். எப்போது, எவ்வளவு ஊற்றுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதட்டும்.

டப்பாவுக்குள் வெளிச்சம் புகக் கூடாது. ஊட்டக்கரைசலும் வெளிச்சமும் சேர்ந்தால் பாசி பிடிக்கும். அந்தப் பாசி செடிக்குரிய உப்புகளைத் தின்று, இரவில் நீரில் உள்ள ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். எனவே டப்பாவைக் கறுப்புத் தாளால் சுற்றி, அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டச் சொல்லியிருக்கிறோம். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். வெள்ளைத் தாள் அழகுக்காக அல்ல, வெப்பத்தைக் குறைக்கவே. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வெதுவெதுப்பான, ஆக்சிஜன் குறைந்த நீரில்தான் வேரழுகல் நோய் எளிதில் பரவுகிறது. வெண்மையாக இருந்த வேர் பழுப்பாகி, வழவழப்பாகி, துர்நாற்றம் வீசினால் அது அந்த நோயின் அறிகுறி. இலைக்கு நாள்தோறும் ஐந்தாறு மணி நேர வெயில் தேவை என்றாலும், டப்பா நிழலில் இருக்கும்படி ஒரு பலகையையோ அட்டையையோ மறைப்பாக வையுங்கள்.

ஊட்டக்கரைசலைப் பள்ளியே தரும். ஏ, பி என்று எழுதிய இரண்டு புட்டிகளில் அது வரும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஒன்றில் உள்ள கால்சியம் மற்றொன்றில் உள்ள பாஸ்பேட்டுடனும் சல்பேட்டுடனும் சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். செடிக்கு அது பயன்படாது. முதல் புட்டியின் கரைசலை முழு அளவு நீரில் ஊற்றிக் கலக்கிய பிறகே இரண்டாவதை ஊற்ற வேண்டும். இந்தக் கலவையைத் தயாரிக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். புட்டிகளைத் தம்பி தங்கைகளுக்கு எட்டாத, பூட்டிய அலமாரியில் வைப்பதும், குடிநீர்ப் பாட்டில்களில் கரைசலை எக்காரணம் கொண்டும் ஊற்றி வைக்காமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு.

கரைசலின் பி.எச். அளவு (அதன் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருப்பது நல்லது. ஏழுக்கு மேல் போனால், இரும்புச்சத்து நீரில் இருந்தும் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மாறும். தழைச்சத்துக் குறைந்தால் இதற்கு மாறாக அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். ஏனெனில் செடி அந்தச் சத்தைப் பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகர்த்திக்கொள்ளும், இரும்பை அப்படி நகர்த்த அதனால் இயலாது. எந்த இலை முதலில் நிறம் மாறியது என்ற ஒரே கேள்வியை வைத்து, செடிக்கு என்ன குறை என்று பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும் நாளைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். பி.எச். அளவைக் குறைக்கும் அமிலத்தை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்; திருத்தம் தேவைப்பட்டால் கரைசலைப் பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து ஆசிரியர் முன்னிலையில் செய்துகொள்ளலாம்.

முதல் முயற்சிக்கு லெட்டூஸ், துளசி, புதினா, பசலை போன்ற இலைச்செடிகளே ஏற்றவை. புதினாவை விதையிலிருந்து வளர்க்க வேண்டியதில்லை; ஒரு தண்டை நீரில் வைத்தாலே வேர் விடும். கொத்தமல்லி முளைக்க நாளாகும் என்பதோடு, வேரைத் தொட்டு இடம் மாற்றுவதையும் தாங்காது. தக்காளி, மிளகாய் போன்றவற்றுக்கு அதிக வெயிலும் பெரிய கலனும் வேண்டும் என்பதால் இந்தப் பருவத்தில் தவிர்த்துவிடுகிறோம்.

பாதுகாப்பில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க விரும்பாதவை மூன்று. டப்பாவைப் பால்கனியின் கைப்பிடிச் சுவர் மீதோ கம்பிகளில் தொங்கவிட்டோ வைக்கக் கூடாது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை, காற்றில் சாய்ந்து கீழே விழுந்தால் யாருக்கேனும் பலத்த காயம் ஏற்படும். தரையிலோ உறுதியான தாழ்ந்த மேசையிலோ வைத்தால் போதும். அடுத்தது கொசு. வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும் என்பதால், மூடிக்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியையும் அடைத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து புழு நெளிகிறதா என்று நீங்களும் பாருங்கள். மூன்றாவது, பருவ முடிவில் மிஞ்சும் கரைசலைச் சாக்கடையிலோ குளத்திலோ கொட்டக் கூடாது; அதில் உள்ள உப்புகள் அங்கே பாசியைப் பெருக்கும். நிறைய நீர் சேர்த்து, மண்ணில் வளரும் செடிகளுக்கு ஊற்றிவிடலாம்.

ஒவ்வொரு மாணவரும் இரண்டு டப்பாக்கள் வைப்பார்கள். இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு வேறுபாடு மட்டும் இருக்கும்; ஒன்று வெளிச்சம் புகாதது, மற்றொன்று ஒளி ஊடுருவக் கூடியது என்றோ, ஒன்றில் முழு அளவு ஊட்டம், மற்றொன்றில் பாதி அளவு என்றோ அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அப்படியானால் ஒரு டப்பாவில் உள்ள செடி நலிவடைவதற்கே வாய்ப்பு அதிகம். அதைக் கண்டு மனம் இரங்கி ஊட்டத்தைக் கூட்டிவிடாதீர்கள். நாற்று செத்துவிட்டால் இரவோடு இரவாக வேறு செடியை வாங்கி வைத்துவிடாதீர்கள். செத்த செடியைப் பற்றி, எந்த நாளில் எந்த இலை வாடியது, அன்று நீர் மட்டம் என்ன, வேரின் நிறம் என்ன என்று உண்மையாக எழுதியிருக்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் உண்டு. பெற்றோர் எழுதிக்கொடுத்த அழகான வரிகளை எங்கள் ஆசிரியர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள் என்பதைவிட, அந்த வரிகளால் பிள்ளை இழப்பது ஒரு முழுப் பருவத்தின் கண்டறிதலை என்பதே என் கவலை. குறிப்பேட்டைப் படியுங்கள், கேள்வி கேளுங்கள். பேனாவை மட்டும் பிள்ளையின் கையிலேயே விட்டுவிடுங்கள்.

இதற்காக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். வீட்டில் பழைய டப்பா இருந்தால் நன்று. இல்லையென்றால் ஆய்வகத்தில் தருவோம். பி.எச். தாளும் பள்ளியிலிருந்தே கிடைக்கும். வீட்டில் பால்கனியோ வெளிச்சமான ஜன்னலோ இல்லாதவர்களுக்கும், வேறு காரணங்களால் வீட்டில் வைக்க விரும்பாதவர்களுக்கும் பள்ளியின் மாடி வராந்தாவில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். காரணத்தை நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில், டப்பாவை வீட்டில் வைப்பதா பள்ளியில் வைப்பதா என்பதைக் குறித்து, கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அதே நாளில், வீட்டில் செடிக்குப் பயன்படுத்தப் போகும் நீரில் ஒரு சிறு பாட்டில் அளவு எடுத்து, பெயர் எழுதி அனுப்புங்கள். அது கடின நீராக இருந்தால் மழைநீரோ வடிகட்டிய நீரோ எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை ஆய்வகத்தில் சோதித்து, திங்கட்கிழமை பிள்ளையின் குறிப்பேட்டிலேயே முதல் பதிவாக எழுதச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்