எந்த வௌவால், எந்த மாதிரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

கேரளத்தில் நிபா தலைகாட்டும்போதெல்லாம் ‘வௌவால் மாதிரிகளில் வைரஸ் இல்லை’ என்றொரு செய்தியும் கூடவே வந்துவிடுகிறது. எந்த வௌவால், எதை எடுத்துச் சோதித்தார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. இந்தியாவில் வௌவால் இனங்கள் 120க்கும் மேல். 2018 மே மாதம் நிபா பரவிய கோழிக்கோடு மாவட்டப் பேராம்பிராவில் முதலில் சோதித்தது, கிணற்றில் குடியிருந்த பூச்சி தின்னும் வௌவால்களை. ‘இல்லை’ என்று முடிவு வந்ததுமே, நோய்க்கும் வௌவாலுக்கும் சம்பந்தமில்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. பிறகு அதே பகுதியில் பிடித்த பழந்தின்னி வௌவால்களில் வைரஸ் இருந்தது.

இனம் சரியாக இருந்தாலும் ஒரு நாள் சோதனை போதாது. பழந்தின்னி வௌவால் வைரஸை எந்நேரமும் வெளியேற்றுவதில்லை, விட்டுவிட்டுத்தான். ஆகவே மரத்தடியில் திரும்பத் திரும்பச் சிறுநீர் சேகரிக்க வேண்டியிருக்கிறது. இரை தேடப் போன கூட்டம் விடியுமுன் திரும்பிவிடும். அதற்குள் பாலித்தீன் விரிப்பு தரையில் இருக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கும் வௌவால் புரண்டு, கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றிக்கொண்டுதான் சிறுநீர் கழிக்கும். அந்தத் துளிகளை வெயில் ஏறுமுன் உறிஞ்சிக் குப்பியில் அடைத்துக் குளிரில் வைக்க வேண்டும். தாமதமானால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதையும்; எச்சம் கலந்தால் அந்த மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை முடங்கலாம். இரண்டிலும் அறிக்கையில் வருவது ‘இல்லை’தான்! போதாக்குறைக்கு, ஒரே குப்பியில் பல வௌவால்களின் சிறுநீர் இருக்கும். ‘நூற்றுக்கு இத்தனை வௌவாலுக்குத் தொற்று’ என்று அதிலிருந்து கணக்குச் சொல்ல முடியாது.

ஒட்டுண்ணி ஆய்விலும் இதே கதைதான். வௌவால் ஈ என்பது வௌவால் உடம்பில் வாழும் ஒட்டுண்ணி; சிலந்தி போலிருக்கும். பெரும்பாலும் இறக்கை கிடையாது. ரோமத்துக்குள் புகுந்து ஓடும். வலையில் சிக்கிய இரண்டு வௌவால்களை ஒரே துணிப்பையில் போட்டால் ஈ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். உதறாத பையை அடுத்ததற்குப் பயன்படுத்தினாலும் எண்ணிக்கை பிசகும். தாய் ஈ கீழே இறங்கி, முற்றிய புழுவைக் குகைச்சுவரிலோ மரத்திலோ ஒட்டிவைக்கிறது. வௌவாலின் உடம்பை மட்டும் பார்த்து எண்ணுபவர் கணக்கில் அது வரவே வராது.

அடுத்த முறை இத்தகைய செய்தி வெளியிடும்போது இனம், மாதிரி வகை, எத்தனை நாள் எடுத்தது என்ற மூன்றையும் சுகாதாரத் துறையிடம் கேட்டு வாங்கி, ஒரு வரியாவது சேர்த்து வெளியிடுங்கள்.

— வௌவால் கள ஆய்வாளர்கள்,
கோயம்புத்தூர்