ஏழு வீட்டுச் சாவி

நீடாமங்கலம் பக்கம்,
4.10.2025

அன்புள்ள கலியபெருமாளுக்கு,

நாங்கள் நலம். பினாங்கில் நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் நலந்தானே? நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வீட்டுக்காரி மூன்று தரம் போட்டுக் கேட்டாள். "தபால்காரன் கடைசியில தன்னையே பார்சல் கட்டிக்கிட்டானா" என்று, நாங்கள் அமெரிக்கா கிளம்புவதைக் கேட்டுச் சிரித்தாயே, அதற்குப் போனில் பதில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும். தவிர, உன் வீட்டுச் சாவி விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இருபதாம் தேதி தீபாவளி. மறுநாள் ராத்திரி நீடாமங்கலத்தில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, ஒருநாள் மச்சான் வீட்டில் தங்கிவிட்டு விமானம். தோஹாவில் மாறி நியூயார்க். அங்கிருந்து நியூ ஜெர்ஸியில் எடிசன் என்கிற ஊரில் மகள் வீடு. அவளுக்கு நவம்பர் நடுவில் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஏப்ரல் பதினைந்துக்குத் திரும்ப டிக்கெட். பத்து வருஷ விசா கொடுத்திருக்கிறார்கள் என்றதும் நான் பத்து வருஷம் அங்கேயே இருக்கப் போவதாகத் தெருவே பேசுகிறது. விசா வேறு, தங்கும் காலம் வேறு. எத்தனை நாள் என்பதை இறங்கும் இடத்தில் இருக்கிற அதிகாரிதான் முடிவு செய்வார், பெரும்பாலும் ஆறு மாசம் கொடுப்பார்கள் என்று டீக்கடையில் விளக்கிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

விசா என்றதும் ஒரு வேடிக்கை. தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஆனால் அமெரிக்காக்காரர்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அதனால் என் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதற்பெயர் இருக்கிற இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்திருக்கிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். முப்பத்தாறு வருஷம் சைக்கிளில் வீடு வீடாகப் போனவன். நாலு ஊரில் நாய்கூடக் குரைக்காது. அப்படிப்பட்டவனின் பெயர் தெரியவில்லையாம். உன் பேரப்பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் படிக்கப் போவதாக இருந்தால் இந்த விஷயத்தை முன்கூட்டியே கவனித்துக்கொள்.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில்தான் நேர்காணல். தமிழிலேயே பேசினார்கள். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறோம் என்றேன். திரும்பி வந்துவிடுவீர்களா என்று கேட்டபோது வாய் தவறி, "ஏழு வீட்டுச் சாவி என்கிட்ட இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். ஏழு வீடா என்று அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "சொந்தம் ஒண்ணுதாங்க, மத்ததெல்லாம் வெளிநாட்டுக்காரங்க வீடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். வீட்டுக்காரி என் இடுப்பில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. ஆளுக்கு 185 டாலர் கட்டணம் கட்டிவிட்டு உளறினால் அவளுக்குக் கோபம் வராதா?

பெட்டி கட்டுவது பற்றிக் கேட்டிருந்தாய். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. உரக்கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டேன். கிராம் கணக்கில் பார்சல் நிறுத்தவனுக்கு இது பெரிய வேலையில்லை. உள்ளே என்ன வைப்பது என்பதுதான் சண்டை. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பூங்கார் நெல் விதை வாங்கியிருந்தேன் (இரண்டு வாங்கினால் அடுத்த வருஷம் நாலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு, கொடுத்துவிட்டேன்). அதில் விளைந்ததைக் குத்தி ஐந்து கிலோ அரிசியை வீட்டுக்காரி மகளுக்கென்றே எடுத்து வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பூங்கார் கஞ்சி நல்லது என்பது அவள் அம்மா சொல். கடைசியில் பார்த்தால் அரிசியே கொண்டுபோகக் கூடாதாம். கப்ரா வண்டு என்று தானிய மூட்டையில் வருகிற பூச்சி. அது இருக்கிற நாடுகளிலிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி, கொண்டைக்கடலை எதுவும் வரக் கூடாது என்று 2021இல் அமெரிக்கா உத்தரவு போட்டிருக்கிறது. கறிவேப்பிலைக்கும் தடை, எலுமிச்சை ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு போகுமாம். கொப்பரையை விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். எண்ணெய்ப் பசை, தீப்பிடித்துக்கொள்ளும். காவிரித் தண்ணீரில் விளைகிற மூன்றும் போயிற்று என்று அவள் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தபாலில் அனுப்பலாமென்றால், அமெரிக்காவுக்குப் பார்சல் அனுப்புவதை இந்த ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். சரி என்று சுக்கு, ஓமம், வசம்பு, பிரசவ லேகியம், மணத்தக்காளி வத்தல், கும்பகோணம் காபித்தூள் என்று நிரப்பியிருக்கிறோம். எல்லாவற்றையும் இறங்கியதும் அங்கே எழுதிக் காட்டிவிட வேண்டும், மறைத்தால்தான் அபராதம் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.

மாத்திரை, டாக்டர் சீட்டு, இன்சூரன்ஸ் எல்லாம் மகள் அனுப்பிய பட்டியல்படி முடிந்தது. எனக்கு நவம்பரில் ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். அங்கிருந்து அதற்கு என்ன வழி என்று பழைய ஆபீஸில் கேட்டு வைத்திருக்கிறேன். உயிரோடு இருப்பதற்கும் ரசீது வேண்டும், அதுவும் வருஷா வருஷம்.

நிலம் பற்றி: இந்த வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறந்தது, அந்த மாசக் கடைசியிலேயே 120 அடி நிரம்பியும்விட்டது. வெண்ணாற்றில் தண்ணீருக்குக் குறையில்லை. நான் குறுவை வைக்கவில்லை. எட்டு மா நிலத்திலும் ஆவணியில் சி.ஆர். 1009 நெல்லை நேரடி விதைப்பாகப் போட்டுவிட்டு, நம் வயலில் எப்போதும் வேலை பார்க்கிறவருக்கே விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டிருக்கிறேன். சாகுபடிச் சான்றும் அவர் பெயரில்தான், பயிர்க் காப்பீடும் அவரே கட்டிவிடுவார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுக் கைரேகை வைக்க நான் எடிசனிலிருந்து விரலை நீட்ட முடியாதே. தையில் அறுப்பு. என் நினைவு தெரிந்து அறுப்புக் களத்தில் நான் இல்லாத முதல் தை இதுதான்.

இனிச் சாவிக்கு வருகிறேன்.

எங்கள் கூடத்துத் தூணில் ஒரு ஆணி உண்டு, உனக்குத் தெரியும். அதில் ஆறு வீட்டுச் சாவி தொங்குகிறது, எங்களுடையதோடு ஏழு. ஒவ்வொன்றிலும் பழைய தபால் பை லேபிள் கட்டி யார் வீடு என்று எழுதியிருக்கிறேன். சிட்னிக்காரர் வீட்டுச் சாவி பித்தளையில் பளபளவென்று இருக்கும்; மஸ்கட்காரர் வீட்டுக்கு மூன்று சாவி, கேட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. உன் வீட்டுச் சாவி மட்டும்தான் இரும்பு. ஒரு சாண் நீளம். தலையில் வட்டம், உன் தாத்தா காலத்தில் கட்டிய சிவப்புக் கயிறு இப்போது கறுத்துவிட்டது. மாசம் ஒருநாள் எல்லா வீட்டையும் திறந்து, பெருக்கி, குழாயைத் திறந்து விட்டு, மோட்டார் போட்டு, கதவு நிலையில் கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுவேன். கஜா புயல் வந்த 2018 நவம்பரில் விடிந்ததும் முதலில் பார்த்தது உன் ஓட்டைத்தான்.

இந்தக் கொத்தை யாரிடம் கொடுப்பது? கீழத்தெருவில் பொறுப்பான பையன் ஒருவன் இருந்தான், கொடுத்தால் அவனிடம்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் அவனே வாசலில் வந்து நின்றான். "ஐயா, சிங்கப்பூர் பர்மிட் வந்துடுச்சு, அம்மாவ அக்கா வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லி அவன் வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினான். நான் சிரித்த சிரிப்பில் பயந்துவிட்டான்.

அப்புறம் நிலம் பார்க்கிறவரின் பெண்சாதியைக் கேட்டேன். ஆணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாசா மாசம் ஏழு வீடு பெருக்கணும்னா சும்மாவா? வீட்டுக்கு இருநூறு ரூவா பேசி விடுங்க" என்றது அந்தப் பெண். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒரு பைசா வாங்கியதில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது, அது கேட்டதுதான் சரி. எனக்கு ஓய்வூதியம் வந்தது, பொழுதும் போனது, ஊரில் பேரும் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? எல்லாருக்கும் எழுதிவிட்டேன். உன் பங்கு ஆறு மாசத்துக்கு 1,200 ரூபாயை நானே கொடுத்தாகிவிட்டது. அடுத்த தடவை வரும்போது பினாங்கிலிருந்து தைலம் வாங்கி வந்து கணக்கைத் தீர்.

நீ கப்பலேறிய நாளை நினைத்துக்கொண்டேன். 1981, நாகப்பட்டினம். உன் தாத்தா ரஜூலாவில் போனார், நீ 'சிதம்பரம்' கப்பலில். கப்பல் கரைக்கு வராமல் தள்ளி நின்றது. படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தகரப் பெட்டியில் உன் பெயரை வெள்ளைப் பெயிண்டில் நான்தான் எழுதினேன், 'பெ'வுக்குக் கொம்பு போட மறந்து, படகுத் துறையில் வைத்துத் திருத்தினோம். படகு ஆடுகிறது, நீ எழுந்து நின்று கத்துகிறாய். என்னவோ சொல்லப் போகிறான் என்று காதைத் தீட்டினால், "வடக்குத் தென்னைக்குத் தண்ணி ஊத்துடா" என்கிறாய். அதற்குப் பின் நீ எழுதிய ஒவ்வொரு ஏரோகிராமிலும் அதே கதைதான். கிணற்றில் தண்ணீர் எத்தனை உறை, வடக்குத் தென்னை காய்த்ததா, திண்ணையில் விரிசல் பெரிதாகிவிட்டதா. சீமைக்குப் போனவன் சீமையைப் பற்றி எழுதாமல் தென்னையைப் பற்றி எழுதுகிறானே என்று உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போதெல்லாம் கேலி செய்திருக்கிறேன்.

நேற்று அந்தப் பெண்ணுக்காக என் வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் வந்துவிட்டது. கொல்லை மாதுளைக்கு எத்தனை குடம், மழை வந்தால் எந்த ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளும், கூடத்து விளக்கு ஸ்விட்சை எந்தப் பக்கம் லேசாக அழுத்த வேண்டும், கார்த்திகைக்கு மாடத்தில் எத்தனை அகல். வாசித்துப் பார்த்த வீட்டுக்காரி, "கலியபெருமாள் அண்ணன் கையெழுத்து மாதிரி இருக்கே" என்றாள். கேலி செய்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், போ.

அங்கே போன பிறகு பேசுவதற்கு நேரம் குறித்துக்கொள். நவம்பர் 2 வரைக்கும் உனக்கும் எனக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். உன் காலைக் காபி நேரத்தில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு. அதற்கப்புறம் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்களாம், பதின்மூன்று ஆகிவிடும். பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு, நடுராத்திரியிலும் நான் விழித்துத்தான் இருப்பேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

உன் சாவியை மட்டும் கொத்தோடு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மற்றதெல்லாம் நகல் எடுக்கலாம். இது தொலைந்தால் செய்துதர ஆளில்லை, கதவைத்தான் உடைக்க வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் உனக்கே அனுப்பலாமா என்றும் யோசித்தேன் (ரிஜிஸ்தர் தபாலை இந்த வருஷம் அதில் சேர்த்துவிட்டார்கள், தெரியுமா? என் பாதி வாழ்க்கை அந்த நீளச் சீட்டில்தான் போயிற்று). ஆனால் சாவி பினாங்கில் இருந்தால் வீட்டை யார் பெருக்குவது? நீயே சொல். பதினெட்டாம் தேதிக்குள் போன் செய்.

இப்படிக்கு,
உன்
கோவிந்து

பி.கு.: இதை எழுதி முடித்துவிட்டுப் போய் உன் வீட்டைத் திறந்து பார்த்தேன். பூட்டு இறுகியிருந்தது. ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டேன், வடக்குத் தென்னைக் காயில் ஆட்டியதுதான். இப்போது ஒரு கையால் திறக்கலாம்.